கேலிச்சித்திரமும் வற்றிய அணையும்

கடந்த 2025 நவம்பர் முதல் வாரத்தில் ஈரான் அதிபர் மசூத் பெசெஷ்கியான் விடுத்த எச்சரிக்கை ஒன்று உலகச் செய்தியாயிற்று. விரைவில் மழை பெய்யாவிட்டால் தெஹ்ரானில் தண்ணீருக்குப் பங்கீட்டு முறை வரும். அதன் பிறகும் பெய்யாவிட்டால் தலைநகரையே காலி செய்ய நேரிடும் என்றார் அவர். ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வாழும் நகரம் அது. அந்நாள்களில், நகருக்குக் குடிநீர் வழங்கும் அமீர் கபீர் அணையில் கொள்ளளவில் 8 சதவீத நீரே எஞ்சியிருந்தது. தொடர்ந்து ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக வறட்சி என்பது உண்மை. ஆனால், ஒரு நாட்டின் தலைநகரைக் காலி செய்வது பற்றி அதன் அதிபரே பேச வேண்டிய நிலையை வானம் மட்டும் உருவாக்கிவிடாது.

இச்செய்தியைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தவர் நீரியல் அறிஞர் அல்லர், ஒரு கேலிச்சித்திரக்காரர். அவர் பெயர் நிக் ஆஹங் கௌசர். ஈரானுக்கு வெளியே அவரைக் கருத்துச் சுதந்திரத்துக்காகச் சிறை சென்ற ஓவியர் என்றே அறிந்திருக்கிறார்கள். அவருடைய வாழ்க்கையின் மறுபாதி தண்ணீரைப் பற்றியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஈரானில் இன்று நடப்பது விளங்கும் என்பது என் கருத்து.

கௌசர் 1969-இல் பிறந்தவர். தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பயின்றவர். அவருடைய தந்தை சையத் ஆஹங் கௌசர் ஈரானின் குறிப்பிடத்தக்க நீரியல் விஞ்ஞானி. (கௌசர் என்பது சொர்க்கத்தில் ஓடுவதாக இசுலாமிய மரபு கூறும் ஆற்றின் பெயர். குடும்பப் பெயரே ஆறாக அமைந்தது தற்செயல்தான்.) பார்ஸ் மாகாணத்தில் பசா நகருக்கு அருகிலுள்ள கரே பைகோன் என்னும் வறண்ட சமவெளியில் 1983 முதல் அவர் ஒரு முயற்சியில் ஈடுபட்டார். எப்போதாவது பெய்யும் பெருமழையின் வெள்ளத்தை அணை கட்டித் தேக்காமல், மலையடிவாரத்துச் சரளை நிலத்தில் ஆழமற்ற வாய்க்கால்கள் வழியே பரப்பி மண்ணுக்குள் இறங்கச் செய்தார். கடும் வெயில் அடிக்கும் நாட்டில் அணைநீர் ஆவியாகிப் போகும். மண்ணுக்குள் இறங்கிய நீர் போகாது. செலவும் குறைவு. ஆனால், இத்தகைய திட்டத்துக்குத் திறப்பு விழா நடத்தி நாடா வெட்ட முடியாது. பெரிய ஒப்பந்தங்களும் கிடையா. அதனால்தானோ என்னவோ, அரசின் நீர்க்கொள்கை இந்த வழியில் போகவில்லை. அணைகளின் வழியில் போயிற்று.

மகன் நிலவியல் படித்துவிட்டுத் தூரிகையை எடுத்தார். 1990-களின் தொடக்கத்தில் அவர் சேர்ந்த இடம் ‘கோல் ஆகா’ என்னும் நகைச்சுவை வார இதழ். அந்த இதழைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஈரானில் அரசியல் நையாண்டிக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட மரபு உண்டு. 1906-ஆம் ஆண்டின் அரசியல் சட்டப் புரட்சியை அடுத்து, ‘சூர்-எ-இஸ்ராபீல்’ இதழில் அலி அக்பர் தெஹ்கோதா எழுதிய நையாண்டிப் பத்தி மன்னரையும் மதகுருமாரையும் நிலக்கிழார்களையும் ஒரே தட்டில் வைத்து எள்ளியது. அவ்விதழின் ஆசிரியர் மிர்சா ஜஹாங்கீர் கான் 1908-இல் மன்னரின் ஆணைப்படி கொல்லப்பட்டார். பின்னாளில் பல்லாண்டுகள் மக்களைச் சிரிக்க வைத்த ‘தவ்ஃபீக்’ இதழ், ஷாவின் ஆட்சியில் 1971-இல் மூடப்பட்டது. அர்தஷீர் மொஹஸ்ஸஸ் என்ற மாபெரும் ஓவியர் 1976-இல் நியூயார்க் சென்றவர், 2008-இல் அங்கேயே மறைந்தார். சிரிப்புக்கு அஞ்சுவதில் மணிமுடிக்கும் தலைப்பாகைக்கும் பெரிய வேறுபாடில்லை. 1979-க்கு முந்தைய ஈரானைச் சுதந்திரப் பூங்காவாகச் சித்திரிப்போர் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

‘கோல் ஆகா’வை நடத்திய கியுமர்ஸ் சாபெரி ஃபூமனி புரட்சியின் எதிரியல்லர். அதிபராக இருந்து 1981-இல் குண்டுவெடிப்பில் உயிரிழந்த ரஜாயிக்கு ஆலோசகராக இருந்தவர். போர்க்காலத்திலேயே ‘எத்தலாஅத்’ நாளிதழில் நையாண்டிப் பத்தி எழுதத் தொடங்கி, 1990-இல் தனி இதழ் கண்டார். விலைவாசி, வரிசையில் நிற்கும் மக்கள், கோப்புகளை நகர்த்தாத அதிகாரிகள் எல்லாம் அதில் இடம்பெற்றன. முதல் துணை அதிபர் ஹசன் ஹபீபியின் உருவம் அட்டைப் படங்களில் அடிக்கடி காட்சி தந்தது. ஹபீபி கோட்டு அணிந்தவர். தலைப்பாகை அணிந்த எவரையும் அவ்விதழ் வரையவில்லை. சட்டப்புத்தகத்தில் தேட வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்த எல்லைக்கோடு அது. இவ்வாறு எல்லைக்குள் நின்று சிரித்ததைச் சிலர் கோழைத்தனம் என்பர். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பேச்சே அடங்கியிருந்த ஒரு சமூகத்தில், அமைச்சரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்ற பழக்கத்தை மீட்டுத் தந்ததே பெரிய காரியம். இளம் ஓவியர்களுக்கு அது பள்ளிக்கூடமாகவும் இருந்தது.

1997-இல் முகமது கத்தாமி அதிபரானதும் நாளிதழ்கள் பெருகின. கௌசர் அவற்றில் வரைந்தார். 1999-ஆம் ஆண்டின் இறுதியில் காற்று மாறத் தொடங்கியிருந்தது. கடும்போக்கு மதகுருவான மெஸ்பாஹ் யஸ்தி, அமெரிக்க உளவுத்துறையின் முன்னாள் தலைவர் ஒருவர் பெட்டி நிறையப் பணத்துடன் வந்து ஈரானிய பத்திரிகையாளர்களை விலைக்கு வாங்குவதாகக் குற்றம் சாட்டினார். 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘ஆசாத்’ நாளிதழில் கௌசரின் படம் வெளியாயிற்று. ஒரு முதலை கண்ணீர் வடிக்கிறது. அதன் வாலோ ஒரு பத்திரிகையாளரின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த முதலைக்கு ‘பேராசிரியர் தெம்சாஹ்’ என்று பெயர். பாரசீகத்தில் தெம்சாஹ் என்றால் முதலை. மெஸ்பாஹ், தெம்சாஹ்: எதுகை தானாக வந்து விழுந்தது. முதலைக் கண்ணீர் என்னும் வழக்கு நம் மொழியைப் போலவே அவர்கள் மொழியிலும் உண்டு.

படத்தில் தலைப்பாகை இல்லை. எந்த மதகுருவின் பெயரும் இல்லை. ஆயினும் கோம் நகரில் மதப் பயிலக மாணவர்களும் ஆசிரியர்களும் நாள்கணக்கில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினர். பண்பாட்டுத் துறை அமைச்சர் மொஹாஜெரானி பதவி விலக வேண்டும் என்று முழங்கினர். இதிலுள்ள வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். முதலை தங்கள் ஆசானைக் குறிப்பது என்று உலகுக்கு அறிவித்தவர்கள் அவருடைய ஆதரவாளர்களே. கௌசர் கைது செய்யப்பட்டு எவின் சிறையில் ஆறு நாள் வைக்கப்பட்டார். அதே பிப்ரவரியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் சீர்திருத்த அணி பெருவெற்றி பெற்றது. பதிலடி ஏப்ரல் இறுதியில் வந்தது. சில நாள்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட இதழ்கள் மூடப்பட்டன. ‘ஆசாத்’தும் அவற்றுள் ஒன்று. கொலை மிரட்டல்கள் தொடர, 2003-இல் கௌசர் கனடாவுக்குச் சென்றார். பின்னர் அமெரிக்காவில் குடியேறினார்.

ஒரு முதலைப் படம் ஏன் இவ்வளவு அச்சத்தை ஊட்ட வேண்டும்? அதில் புதிய செய்தி எதுவும் இல்லை. மெஸ்பாஹ் யஸ்தியைப் பற்றி மக்கள் என்ன நினைத்தார்கள் என்பது தேநீர்க் கடைகளில் பேசப்பட்டதே. பொருளியலில் இதற்கொரு கருத்தாக்கம் உண்டு: ‘பொது அறிவு’. (வகுப்பில் இச்சொல்லைக் கேட்டதும் மாணவர்கள் போட்டித் தேர்வு நூலை நினைத்துக்கொள்வார்கள், ஒவ்வோர் ஆண்டும் அதைத் திருத்துவதிலேயே அரை மணி போய்விடும்.) ஒரு செய்தி எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும் என்பது போதாது. உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிய வேண்டும்; அது எனக்குத் தெரியும் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் நாம் சேர்ந்து செயல்பட முடியும். ஊரறிந்த இரகசியம் என்று நாம் சொல்வது இதற்கு முந்தைய நிலையை. ஊர் முழுவதும் அறிந்திருந்தாலும், இரகசியமாக இருக்கும் வரை யாரும் அசைய மாட்டார்கள். நாளிதழின் முதல் பக்கத்தில் ஒரு படம் வந்து, பேருந்தில் அருகில் இருப்பவரும் அதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று கண்டவுடன் அந்த இரகசியம் முடிந்துபோகிறது. அடக்குமுறை அரசுகள் ஆய்வறிக்கையைக் காட்டிலும் கேலிச்சித்திரத்துக்கு அஞ்சுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இங்கே தண்ணீருக்குத் திரும்புகிறேன். ஈரானின் நீர்ச் சிக்கலும் பல்லாண்டுகளாக ஊரறிந்த இரகசியமே. அந்நாட்டின் நீரில் ஏறத்தாழ 90 சதவீதம் வேளாண்மைக்குச் செல்கிறது. நாட்டின் மொத்த உற்பத்தியில் அத்துறையின் பங்கோ பத்தில் ஒரு பங்கு அளவே. புரட்சிக்குப் பிறகு, குறிப்பாக ஈராக்குடனான எட்டாண்டுப் போரின் நெருக்கடியில், உணவுத் தன்னிறைவு என்பது கொள்கையாக மட்டுமன்றிக் கௌரவமாகவும் ஆயிற்று. மலையடிவாரத்தில் தோண்டிய கிணற்றிலிருந்து மைல்கணக்கில் நிலத்தடியில் நீரைக் கொணரும் ‘கனாத்’ என்னும் சுரங்க வாய்க்கால்கள் ஈரானின் பழம்பெரும் ஏற்பாடு. புவியீர்ப்பினால் மட்டுமே ஓடுவதால், ஊறுகிற அளவுக்கு மேல் அதிலிருந்து எடுக்க இயலாது. வேளைக் கணக்கில் பங்கிட்டுக்கொள்ளும் ஊர்க் கட்டுப்பாடும் அதனோடு இருந்தது. மலிவு விலை மின்சாரத்தில் ஓடும் ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் அந்தக் கட்டுப்பாடு குலைந்தது. நிலத்தடி நீர் இறங்க இறங்க, தெஹ்ரானின் தென்மேற்குச் சமவெளி உள்ளிட்ட பல இடங்களில் தரையே அமிழ்ந்துகொண்டிருக்கிறது.

மறுபுறம் அணைகள். கரூன் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கோத்வந்த் அணையில் 2011-இல் நீர் தேக்கத் தொடங்கியபோது, நீர்ப்பரப்பு அருகிலிருந்த உப்புப் பாறைப் படுகையைத் தொட்டது. உப்பு கரையாமல் தடுக்க இடப்பட்ட களிமண் போர்வை தாங்கவில்லை. கீழ்ப்பகுதியில் இருப்பது குஜஸ்தான் மாகாணம். நாட்டிலேயே நீர்வளம் மிக்க பகுதியாக இருந்தது. 2021 ஜூலையில் அங்கே மக்கள் தாகத்துக்காகத் தெருவில் இறங்கினர்; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதே ஆண்டு நவம்பரில் இசுபகான் நகர உழவர்கள் வறண்டு கிடந்த சாயந்தே ரூத் ஆற்றின் நடுவிலேயே கூடாரம் அமைத்து அமர்ந்தார்கள். ஒரு காலத்தில் 5,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருந்த உர்மியா ஏரி 2025 கோடையில் ஏறத்தாழ முற்றிலும் உப்பு வெளியாயிற்று.

இவை யாருக்கும் தெரியாதவை அல்ல. பொறியாளர்கள் எழுதினார்கள், பேராசிரியர்கள் எச்சரித்தார்கள், நாளிதழ்களும் ஓரளவு வெளியிட்டன. சொல்லக்கூடாததாக இருந்தது வேறொன்று: இதனால் யார் பயனடைந்தார்கள் என்பது. அணை கட்டும் பெரும் ஒப்பந்ததாரர்களுள் ஒன்று, புரட்சிக் காவல் படையின் பொறியியல் அமைப்பான கத்தம் அல்-அன்பியா. கௌசர் புலம்பெயர்ந்த பின் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சொல் ‘நீர் மாஃபியா’. வறட்சி என்றால் வானத்தைப் பார்க்கலாம். மாஃபியா என்றால் ஆளைத் தேட வேண்டும். முதலைப் படத்தில் செய்த அதே வேலையைத்தான் இச்சொல்லிலும் அவர் செய்தார்.

ஆளைத் தேடியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு 2018-ஆம் ஆண்டு சாட்சி. சிறுத்தைகளைக் கணக்கெடுக்கத் தானியங்கி ஒளிப்படக் கருவிகளை வைத்த சூழலியலாளர்கள் அவ்வாண்டின் தொடக்கத்தில் உளவு பார்த்ததாகக் கைதாயினர். அவர்களுள் ஒருவரான சமூகவியல் பேராசிரியர் காவூஸ் செயத் எமாமி பிப்ரவரியில் எவின் சிறையில் இறந்தார். தற்கொலை என்றது அரசு, குடும்பம் ஏற்கவில்லை. ஈரானின் நிலைமையை ‘நீர்த் திவால்’ என்று விளக்கி வந்த காவே மதானி, அரசே அழைத்ததால் 2017-இல் இலண்டனிலிருந்து திரும்பிச் சுற்றுச்சூழல் துறையின் துணைத் தலைவரானார். சில மாதங்களே அப்பதவியில் இருந்தார். 2018 ஏப்ரலில் நாட்டைவிட்டு வெளியேறினார். இன்று அவர் ஐ.நா. பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவர். திவால் என்பது அவர் தேர்ந்த சொற்களிலேயே மிகப் பொருத்தமானது. நெருக்கடி வந்தால் போகும். திவாலானவன் பழைய கணக்கை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

கேலிச்சித்திரக்காரர்களின் பட்டியலும் நீளமானது. எல்லாம் ஒரே வகைக் கதையன்று. மானா நெயஸ்தானியின் கதை சிக்கலானது. 2006 மே மாதம், அரசு நாளிதழான ‘ஈரான்’ இதழின் வார இணைப்பில், சிறுவர் பக்கத்துக்காக அவர் வரைந்த ஒரு கரப்பான்பூச்சி, அசேரி மொழிச் சொல் ஒன்றைச் சொல்லிற்று. பேச்சு வழக்கில் பாரசீகத்திலும் புழங்கும் சொல்தான். ஆனால், தங்கள் மொழியும் இனமும் நெடுங்காலமாக இளக்காரமாக நடத்தப்படுவதை உணர்ந்திருந்த அசேரி மக்களுக்கு அது தீப்பொறியாயிற்று. தப்ரீஸ் முதலிய நகரங்களில் கலவரம் வெடித்து உயிரிழப்பும் நேர்ந்தது. அம்மக்களின் புண்பட்ட உணர்வைப் பொய்யென்று என்னால் தள்ளிவிட முடியாது. எனினும், பல்லாண்டுக் கால மொழிப் புறக்கணிப்புக்கு ஓவியரையும் அவருடைய ஆசிரியரையும் சிறையில் தள்ளி அரசு கணக்கை முடித்துக்கொண்டது. தற்காலிக விடுப்பில் வந்த மானா நாட்டைவிட்டுத் தப்பி, பல நாடுகள் அலைந்து பிரான்சில் தஞ்சம் புகுந்தார். அந்த அனுபவத்தைச் சித்திர நூலாகவும் ஆக்கினார்.

அதேனா ஃபர்கதானியின் வழக்கில் சிக்கலே இல்லை. கருத்தடையைக் கட்டுப்படுத்தும் சட்ட முன்வரைவுக்கு வாக்களித்த நாடாளுமன்ற உறுப்பினர்களை விலங்குத் தலைகளுடன் வரைந்த அந்த இளம்பெண்ணுக்கு 2015-இல் விதிக்கப்பட்ட தண்டனை 12 ஆண்டு 9 மாதம். உலகளாவிய கண்டனத்துக்குப் பின் மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, 2016 மே மாதம் விடுதலையானார். 2024-இல் மீண்டும் கைதானார்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலறிஞர் 1970-இல் எழுதிய சிறுநூல் ஒன்றை நான் பல முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். ஒரு நிறுவனமோ நாடோ சீர்கெடும்போது, அதைச் சார்ந்தவர்களுக்கு இரு வழிகள் உண்டு என்பார் அவர்: குரல் எழுப்பலாம், அல்லது வெளியேறலாம். நைஜீரிய இரயில்வேயை அவர் எடுத்துக்காட்டினார். சரக்கு லாரிகள் இருந்ததால், அதிருப்தியுற்ற வாடிக்கையாளர்கள் முறையிடாமல் லாரிக்கு மாறிவிட்டனர். முறையிடக்கூடியவர்கள் போய்விட்டதால் இரயில்வே கெட்டது கெட்டபடியே இருந்தது. தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவரே முதலில் வெளியேறுகிறார் என்பது இதிலுள்ள சோகம். (ஹிர்ஷ்மன் 1933-இல் பெர்லினிலிருந்து தப்பியவர் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்வேன்.) கௌசரும் மதானியும் மானாவும் ஆட்சியாளர்களுக்குத் தொல்லை நீங்கிய கணக்கில் வரக்கூடும். உண்மையில் அவர்களோடு நாட்டைவிட்டுப் போனது, தவற்றை முன்கூட்டியே உணரும் நரம்பு.

இந்த வாதத்தை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுதந்திரமான நாளிதழ்களும் தேர்தல்களும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் நேர்வதில்லை என்று அமர்த்திய சென் காட்டினார். பஞ்சம் கண்ணுக்குத் தெரியும் கொடுமை, ஒளிப்படம் எடுக்கலாம். நிலத்தடி நீர் குறைவது கண்ணுக்குத் தெரியாது. உலகிலேயே மிக அதிகமாக நிலத்தடி நீரை உறிஞ்சும் நாடு இந்தியா. இங்கே நாளிதழ்களுக்கும் கேலிச்சித்திரங்களுக்கும் குறைவில்லை, தேர்தல்களுக்கும் குறைவில்லை. ஆகவே கேலிச்சித்திரக்காரரை விட்டுவைத்திருந்தால் உர்மியா ஏரி நிரம்பியிருக்கும் என்று நான் கூறவில்லை. பொருளாதாரத் தடைகளும் ஈரானின் கையைக் கட்டியிருக்கின்றன. தன்னிறைவுப் பிடிவாதத்தை அவை வலுப்படுத்தின. ஆனால், தவறான கொள்கையைத் திருத்த இயலாத நாட்டுக்கும், திருத்த மனமில்லாத நாட்டுக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவது வகை நாட்டில் அடுத்த தேர்தலிலாவது சண்டை போடலாம்.

புலம்பெயர்ந்தவருக்கும் விடுதலை முழுமையானதன்று. கௌசர் இப்போது எந்தத் தலைப்பாகையையும் வரையலாம். உச்சத் தலைவரையே வரைந்திருக்கிறார். சீர்திருத்த அணியினரையும் அவர் விட்டுவைக்கவில்லை; அதனால் பழைய நண்பர்கள் சிலரை இழந்தார். ஆயினும், தலைப்பாகையில்லாத அந்த முதலை கிளப்பிய அதிர்வை வெளிநாட்டிலிருந்து வரைந்த படங்கள் கிளப்பவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. காரணம் ஓவியத் திறனில் இல்லை. பேருந்தில் அருகருகே அமர்ந்து ஒரே தாளைப் பார்த்துச் சிரிக்கும் இருவர் அங்கே இல்லை. அவரவர் அறையில், அவரவர் கைப்பேசியில், தனித்தனியே பார்க்கிறார்கள். இரகசியம் மீண்டும் இரகசியமாகிவிடுகிறது.

மெஸ்பாஹ் யஸ்தி 2021 சனவரி முதல் நாள் காலமானார். கௌசர் இப்போது வரைவதைவிட அதிகமாகத் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார். அணைகள், நீர்த்தாங்கிகள், நிலம் அமிழ்தல் பற்றி இணையக் காணொளிகள் நடத்துகிறார். தந்தை மண்ணில் செய்து காட்டியதை மகன் திரையில் விளக்குகிறார். 2025 நவம்பர் நடுவில் தெஹ்ரானில் மழை வேண்டிச் சிறப்புத் தொழுகை நடந்தது. உர்மியா வடிநிலத்தின் மேல் விமானங்கள் செயற்கை மழைக்காக வேதிப்பொருள் தூவின. நகரைக் காலி செய்ய நேருமா என்று அறிய விரும்பும் தெஹ்ரான்வாசி ஒருவர், அந்த நிலவியல் பட்டதாரியின் காணொளியைக் காண வேண்டுமானால், யூடியூப் தடை செய்யப்பட்டுள்ள நாட்டில் முதலில் ஒரு வி.பி.என். செயலியைத் திறந்தாக வேண்டும்.